அடிவேர் அழிப்பு

செத்தவர்களின் குரலைத் திருடும் கூட்டம் தூத்துக்குடி வரை வந்துவிட்டது. பழைய கணினியை வாங்குவார்கள். மேலோட்டமாக அழித்ததைத் தோண்டியெடுத்து, இறந்தவர் குரலிலேயே சொந்தக்காரர்களிடம் பேசி ஏமாற்றுவார்கள். அதனால்தான் இறந்துபோன மனைவி செலினுடைய மனைக்கணினியை விற்குமுன் அடிவேர் அழிப்பு செய்தே தீரவேண்டும் என்று ராயப்பன் ஒற்றைக்காலில் நின்றார்.

அவர் மகள் ஜெனிட்டாவோடு மதுரைக்குப் போகிறார். செலின் இல்லாத வீட்டில் அவரால் இருக்க முடியவில்லை. அவருக்குப் பக்கவாதம் வந்து நினைவு தடுமாறியபின் காதுக்குப் பின்னால் நினைவூன்றி பொருத்தியிருந்தார்கள். மறந்துபோனதை மூளைக்கு எடுத்துக்கொடுக்கும் சின்ன வில்லை. அதன் தயவில்தான் செலின் சிரிப்பும், கோபம் வந்தால் உப்பை அள்ளிப் போட்டுவிடும் அவள் குழம்பும் இன்னும் அவரிடம் இருந்தன.

கணினியை வாங்கும் கடைக்காரர் அழிப்புக் கருவியோடு வந்தார். "அண்ணாச்சி, நல்லா யோசிச்சுக்கிடுங்க. அவங்க பேர்ல பதிஞ்ச கருவி எங்க இருந்தாலும், அதுல அவங்க சுவடே இல்லாம ஆக்கிரும். பெறகு திரும்பாது."

"இந்த ஒரு பெட்டிதானே, வேற என்ன இருக்கு? போடுங்க தம்பி. அவ குரல்ல கண்ட பயலும் பேசப்பிடாது."

ராயப்பன் சம்மதமாக அந்தக் கருவியில் கட்டைவிரலை வைத்தார். காதுக்குப் பின்னால் லேசாகச் சுட்டது. இந்தப் பெட்டிக்காகவா இவ்வளவு பிடிவாதம் பிடித்தோம் என்று அவருக்கே வியப்பாக இருந்தது.

அவள் பெயரில் வாங்கினால் ராசி என்று வீட்டுக்கு வந்த எல்லாவற்றையும் செலின் பெயரிலேயே பதிவது அவர் வழக்கம். ஆஸ்பத்திரியில் நினைவூன்றியையும் அப்படித்தான் பதியச் சொல்லியிருந்தார்.

உள்ளேயிருந்து வந்த ஜெனிட்டா, "அப்பா, அம்மா சேலையெல்லாம் மதுரைக்கு எடுத்துக்கிடவா?" என்றாள்.

"யார் சேலைம்மா?"

அவள் கடைக்காரரைப் பார்த்தாள், கணினியைப் பார்த்தாள். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். தன் கைபேசியிலிருந்த படத்தை நீட்டினாள். "இது அம்மாப்பா. உங்க செலின். செத்துப்போயிட்டாங்கப்பா."

இனி எந்தத் திருடன் செலின் குரலில் பேசினாலும் ராயப்பன் ஏமாறமாட்டார். படத்தை வெகுநேரம் உற்றுப் பார்த்தார். மனைவி செத்த செய்தி கேட்டும் கண்ணில் ஒரு சொட்டு வரவில்லையே என்று கூச்சமாக இருந்தது. மகளின் அழுகைதான் நெஞ்சைப் பிசைந்தது. அருகில் உட்கார்ந்து அவள் தலையைத் தடவிக்கொடுத்தார்.

"அழாதம்மா," என்றார். "ரொம்ப நல்லவங்களோ அவங்க?"