கசிக்குக்குப் பெண் பார்த்த ஞாயிறு

டிராமில் ஏறியதிலிருந்தே அவள் இரண்டு கைகளாலும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள்...

செவெரின் பார்த்துக்கொண்டே இருந்தான். வெளியே போலந்தின் போஸ்னான் நகரத்து அக்டோபர் மழை. அவள் நெற்றி முடியிலிருந்து ஒரு துளி இறங்கி, இமை மேல் கொஞ்ச நேரம் நின்று, மனசே இல்லாமல் கீழே விழுந்தது. சாம்பலும் பச்சையும் கலந்த கண்கள். அந்தக் கண்கள் நிறையக் கவலை. நெஞ்சு வலியோ என்னவோ... அவன் சட்டென்று எழுந்தான்.

"உக்காருங்க மேடம். முடியலையா? டிரைவர்கிட்ட சொல்லட்டுமா?"

"எனக்கு ஒண்ணும் இல்ல. முதல்ல அந்த ஜன்னலைச் சாத்துங்க. உள்ள ஆள் இருக்கு, குளிர் ஆகாது."

"எங்க உள்ள?"

அவள் கோட்டின் மேல் பொத்தானை அவிழ்த்துக் காட்டினாள். மூடியில் துளைகள் போட்ட பிளாஸ்டிக் டப்பா. உள்ளே உள்ளங்கை அகலத்துக்கு, ஆரஞ்சு நிற முழங்கால்களை மடக்கிக்கொண்டு ஒரு டரான்டுலா சிலந்தி. எட்டிப் பார்த்த பக்கத்து சீட் பெரியவர் அடுத்த ஸ்டாப்பிலேயே இறங்கிவிட்டார். அது அவருடைய ஸ்டாப் என்று எனக்குத் தோன்றவில்லை.

செவெரின் இறங்கவில்லை. ஜன்னலைச் சாத்தினான். பிறகு ரொம்ப மரியாதையாகத் தன் கோட்டுப் பொத்தானை அவிழ்த்தான். அங்கேயும் ஒரு டப்பா, அதே ஆரஞ்சு முழங்கால்கள். ஆனால் இது ஒல்லி, கால் மட்டும் நீளம்.

அவள் சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்பில் செவெரினுக்கு எந்த ஸ்டாப்பில் இறங்க வேண்டும் என்பதே மறந்துபோனது.

"சிலந்திச் சந்தைக்கா? நானும் அங்கதான். சிலந்தி வளர்க்கறவங்க சங்கத்துல இவளைக் காட்சிக்கு வைக்கக் கேட்டாங்க. பேரு ஹிராபினா," என்றாள்.

போலிஷ் மொழியில் சீமாட்டி என்று அர்த்தம். பொருத்தமாகத்தான் இருந்தது.

"இவன் கசிக். ஏப்ரல்ல கடைசித் தடவையா தோல் உரிச்சு பெரிய மனுஷன் ஆயிட்டான். இவனுக்குப் பொண்ணு பாக்கத்தான் போறேன்." அவன் குரல் இறங்கியது. "ஆம்பளைச் சிலந்திக்கு அதுக்கப்புறம் ஒரு வருஷம்தான் ஆயுசு, மிஞ்சிப்போனா ஒண்ணரை. இவன் அம்மாவும் எங்கிட்டதான் இருந்தா. போன வருஷம் போயிட்டா. கூடப் பொறந்ததுங்க எல்லாம் கைமாறிப் போச்சு. இவன் குஞ்சு ஒண்ணாவது வேணும். இல்லன்னா இந்த வம்சம் என்னோட முடிஞ்சுடும்."

அவள் அவனை நிமிர்ந்து பார்த்தாள். சிலந்திக்காக இப்படிக் கவலைப்படுகிற ஆம்பளையை இருபத்தேழு வருஷத்தில் அவள் பார்த்ததில்லை.

"தோருன் ஊர்ல பொம்பளைச் சிலந்தி வெச்சிருக்கற ஒரு அம்மா வரச் சொல்லியிருக்காங்க," என்றான். "உங்க பொண்ணு எப்படி, கோவக்காரியா?"

"ரொம்ப."

"வளர்த்தவங்களை மாதிரியே."

"ஜன்னலைத் திறந்து வெச்சது யாரு? ஞாயித்துக்கிழமை மூணு மணிக்கு வாங்க."

நினைப்பதற்குள் வாயில் வந்துவிட்டது. காது வரைக்கும் சிவந்துபோய், தன் பெயர் மிரெல்லா என்பதையே வீட்டு முகவரிக்குப் பிறகுதான் சொன்னாள்.

என்னைப் போல எங்கள் ஊரில் சிலந்தி வளர்ப்பவர்களிடம் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போக வேண்டும். பெண் வயிறாரச் சாப்பிட்டிருக்க வேண்டும், இல்லாவிட்டால் மாப்பிள்ளையே சாப்பாடு. பிறக்கும் குஞ்சுகள் பாதிக்குப் பாதி.

வியாழக்கிழமை மாலை. பல் கட்டும் லேபில் வேலை முடிந்து வந்த மிரெல்லா வெட்டுக்கிளி ஒன்றைக் கண்ணாடிப் பெட்டிக்குள் விட்டாள். ஹிராபினா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மிரெல்லா குனிந்து பார்த்தாள். சிலந்தியின் வயிற்றின் மேல் ரோஜா நிறத்தில் இருந்த வழுக்கை இடம் கறுத்திருந்தது.

அவளுக்குத் திக்கென்றது. ஹிராபினா தோல் உரிக்கப் போகிறாள். இந்த நேரத்தில் கசிக் சேர்ந்தால், அவன் கொடுத்ததெல்லாம் உரித்த தோலோடு போய்விடும். ஒரு குஞ்சும் பிறக்காது. எங்களில் யாரை எழுப்பிக் கேட்டாலும் சொல்லும் பாடம் இது.

போனைக் கையில் எடுத்தாள். 'வராதீங்க' என்று ஒரு வார்த்தை... சொன்னால் அவன் தோருனுக்குப் போவான். அங்கே வேலை முடியும். அப்புறம் அவன் ஏன் இங்கே வரப்போகிறான்?

போனை வைத்துவிட்டாள். செய்வது திருட்டுத்தனம் என்று அவளுக்கே தெரிந்திருந்தது.

ஞாயிறு மூன்று மணிக்கு அவன் கசகசா கேக்கோடு வந்தான். ஆளுக்கொரு நீளத் தூரிகையுடன் பெட்டி முன்னால் தரையில் உட்கார்ந்தார்கள், மாப்பிள்ளைக்கு ஆபத்து வந்தால் தடுக்க. உள்ளே விட்டதும் கசிக் முன்கால்களால் மண்ணில் தட்டினான். டக்... டக்டக்... நிறுத்தினான். மறுபடியும் தட்டினான். ரொம்ப நேரம் பதிலே இல்லை.

"மதிக்க மாட்டேங்கறாளே," என்று கிசுகிசுத்தான் செவெரின்.

"பொறுங்க. அவ யோசிப்பா."

ஹிராபினா பதிலுக்குத் தட்டினாள். இருவர் முழங்கையும் ஒட்டியிருந்ததை இருவருமே கவனித்தார்கள், யாரும் நகர்த்திக்கொள்ளவில்லை. அரை மணி நேரத்தில் எல்லாம் முடிந்தது. கசிக் தப்பி ஓடிவந்த வேகத்திலேயே செவெரின் அவனைக் கப்பால் மூடித் தூக்கினான்.

அடுத்த ஞாயிறும் வந்தான், ஹிராபினாவை விசாரிக்க. அதற்கடுத்த ஞாயிறும். சூப் குடித்தான், லிஃப்ட் ரிப்பேர் செய்யப் போன இடத்துக் கதைகளைச் சொன்னான், அவள் கொண்டுவந்து வைத்திருந்த பல்செட்டைத் தன் வாய்க்கு நேரே பிடித்து அவளைச் சிரிக்க வைத்தான். மிரெல்லா சிரித்தாள். அவன் போனதும் அழுதாள். அவனைப் பிடித்துப்போய்விட்டது, ரொம்பவே பிடித்துப்போய்விட்டது... அவனுடைய கசிக்கின் நாட்களைத் திருடித்தான் இந்த ஞாயிறுகள் கிடைத்திருக்கின்றன.

நவம்பரில் ஒரு ஞாயிறு காலை, பெட்டிக்குள் பழைய தோல் தனியாகக் கிடந்தது, கழற்றிப் போட்ட கையுறை மாதிரி. பக்கத்தில் புத்தம் புதிதாக, சோர்ந்துபோய் ஹிராபினா.

ஒளித்து வைத்தால் யாருக்குத் தெரியும்? இன்னும் எத்தனையோ ஞாயிறு சூப் குடிக்கலாம். பனிக்காலம் போகும். கசிக்கும் போவான்... மிரெல்லா தோலை எடுத்துக் காகிதத்தில் சுற்றினாள். குடையைக்கூட எடுக்காமல் கிளம்பினாள்.

செவெரின் கதவைத் திறந்தபோது அவள் தொப்பலாக நனைந்திருந்தாள்.

"அட, உள்ள வாங்க மொதல்ல..."

"இல்ல. சொல்லிட்டு வரேன். கேட்டப்புறம் நீங்க கூப்பிட மாட்டீங்க." காகிதத்தை நீட்டினாள். "தோல் உரிச்சுட்டா. குஞ்சு வராது. நீங்க வர்றதுக்கு முந்தின வியாழனே கறுத்துடுச்சு. பாத்தேன். பாத்துட்டுதான் சொல்லல."

அவன் காகிதத்தைப் பிரித்துப் பார்த்தான்.

"ஏன்?"

"சொன்னா தோருன் போயிருப்பீங்க. இன்னும் நாள் இருக்கு. அந்த அம்மாவுக்கு இப்பவே போன் பண்ணுங்க. என்னை அப்புறம் திட்டிக்கலாம்."

அவன் தோலை மறுபடியும் காகிதத்தில் பத்திரமாகச் சுற்றினான். அவளுக்கு ஓடிவிடலாம் போலிருந்தது.

"நானும் பாத்தேன்," என்றான்.

"எதை?"

"கறுப்பை. உங்க வீட்ல குனிஞ்ச உடனே. பதினாலு வருஷமா வளர்க்கறேன், அது கண்ணுல படாதா?"

"அப்ப... கசிக்கை ஏன் உள்ள விட்டீங்க?"

"தப்புதான். அவனை வீணா ஆபத்துல இறக்கிட்டேன். அவ தோல் உரிச்சுத் தேற ஜனவரி ஆகும். அதுவரைக்கும் கசிக் தாங்குவான்னு ஒரு கணக்குப் போட்டேன். ஆனா அதை வாய்விட்டுச் சொல்லியிருந்தா, சரி, ஜனவரில வாங்கன்னு அனுப்பியிருப்பீங்க. நடுவுல எந்தச் சாக்குல வர்றது?"

மிரெல்லாவுக்குக் கோபம் வந்தது. சிரிப்பும் வந்தது. அழுகை இரண்டையும் முந்திக்கொண்டது.

"நாலு வாரமா எனக்குச் சோறு இறங்கல, தெரியுமா?"

"தெரியும். சூப்பெல்லாம் எனக்கேதான் ஊத்தினீங்க."

"பாத்துட்டு சும்மா இருந்தீங்களா?"

"பயமா இருந்துச்சு மிரெல்லா." முதல்முறையாக வெறும் பெயர். "நீங்க கவனிக்காம விட்டிருந்தா அதுல ஒண்ணும் இல்ல. கவனிச்சும் சொல்லலைன்னா... அப்ப உங்க மனசுல எனக்கு ஒரு இடம் இருக்குன்னு அர்த்தம். ரெண்டுல எதுன்னு தெரியாம ஒவ்வொரு ஞாயிறும் உங்க முகத்தையே பாத்துட்டு இருந்தேன். எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு. டிராம்ல ஜன்னலைச் சாத்தச் சொன்னீங்களே, அப்பத்துலேர்ந்து."

அவள் ஈரக் கையால் கண்ணைத் துடைத்தாள். இன்னும் ஓர் அடி முன்னால் வந்தாள்.

"ஜனவரி வரைக்கும் காத்திருக்க வேண்டியது அதுங்க ரெண்டும்தான், செவெரின். நாம இல்ல."