மூக்குத்திக் கல்லின் சொந்தக்காரர்கள்

செல்லப்பாக்கியம் ஆன்ட்டி தும்மினால் மலேசியாவின் சிம்பாங் ரெங்கம் ஊரே சன்னலைச் சாத்திக்கொள்ளும். அன்று காலை அவர் தும்மிய தும்மலில் அவருடைய மூக்குத்திக் கல்லே கழன்று பறந்துவிட்டது. விழுந்த இடம்தான் வம்பு. கார் நிறுத்தும் தளம் போட வாசலில் கொட்டியிருந்த மணல் குவியல்.

அது வைரம். கல்யாணத்தின்போது அவர் கணவர் சோமசேகரம் அங்கிள் வாங்கித் தந்தது. அங்கிள் இப்போது இல்லை. அந்த வைரம் மின்னியதில் சிங்கப்பூர் போன விமானம் ஒன்று வழி தவறியது என்று ஆன்ட்டி சொல்வார். போன தீபாவளிக்குள் அது மூன்று விமானமாகியிருந்தது.

எல்லாரும் கையால் துழாவினார்கள். வெயிலில் ஒவ்வொரு மணல் மணியும் வைரமாகவே மினுங்கியது.

"மூணு மணிக்குச் சிமெண்டு கலக்கணும் லா. விட்டா மழை வந்துரும்," என்றார் கொத்தனார் ஜெயபாலன்.

ஆன்ட்டி கத்தவில்லை. மூக்கைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தபடி படியில் உட்கார்ந்திருந்தார். பக்கத்து வீட்டு நர்மதாவால் அதைத்தான் தாங்க முடியவில்லை.

நர்மதாவுக்குப் பத்து வயது. அவள் அப்பா நிரஞ்சன் கார்களின் ஏர்கானை, அதாவது ஏசியை, பழுதுபார்ப்பவர். குழாயில் கசிவைக் கண்டுபிடிக்க அவரிடம் ஒரு புறஊதா டார்ச்லைட் உண்டு. அடித்தால் கசியும் இடம் பச்சையாக ஒளிரும். கல்லும் ஒளிருமோ?

"வெயில்ல ஒண்ணும் தெரியாதும்மா," என்றார் அப்பா.

"இருட்டை நாமே செஞ்சிக்கலாம்பா."

மணல் கொண்டுவந்த லாரியின் கேன்வாஸ் துணி குவியலுக்கு மேல் கூடாரமானது. அந்த டார்ச்சுக்கென்றே அப்பா வைத்திருந்த மஞ்சள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு நர்மதா உள்ளே தவழ்ந்தாள். டார்ச்சை அழுத்தினாள்.

மணல் காணாமல் போயிற்று. அங்கே வானம் இருந்தது. ஊசிமுனை ஊசிமுனையாக, கோடி ஆரஞ்சு நட்சத்திரங்கள். அவள் கை நகர்ந்தால் நட்சத்திரங்கள் சரிந்து ஓடின. மூச்சு விடக்கூட அவளுக்குத் தயக்கமாக இருந்தது. அந்த வானத்தின் ஓரத்தில், பாசிப்பயறு அளவில், நிலாவைப்போல் ஒன்று எரிந்தது. அதுவும் அதே ஆரஞ்சு.

கல் கிடைத்துவிட்டது. ஆனால் ஏன் அதே நிறம்?

அவள் வெளியே வந்து கேட்டதும் அப்பா கைப்பேசியில் தேடினார். "சிர்க்கான்னு ஒரு தாது. சிலிக்கேட் வகையாம். மணல்லயே பொடிப்பொடியா இருக்குமாம். பெருசா கிடைச்சா பட்டை தீட்டி..." அவர் குரல் தணிந்தது. "வைரம்னு சொல்லி விப்பாங்களாம். கல்லை மட்டும் குடுத்துரும்மா. வேற எதுவும் பேச வேணாம்."

நர்மதா கல்லைப் பார்த்தாள். ஒன்றும் சொல்லாமல் கொடுத்துவிடலாம். ஆனால் ஆன்ட்டியின் வாசலில் இருக்கும் வானத்தை ஆன்ட்டிக்கே காட்டாமல் இருப்பதா?

"ஆன்ட்டி, கொஞ்சம் உள்ள வாங்களேன்."

ஆன்ட்டி நுழைந்ததும் கூடாரம் கப்பல்போல் ஆடியது. நர்மதா கல்லை அவர் உள்ளங்கையில் வைத்து டார்ச்சை அடித்தாள்.

ஆன்ட்டி பேசவே இல்லை. அறுபது வருடத்தில் இது முதல் தடவை. வெளியே ஜெயபாலன் பயந்தே போனார்.

"இதெல்லாம் என்ர கல்லின்ர சொந்தக்காரரோ, பிள்ளை?"

"ஆமா ஆன்ட்டி. இது வைரம் இல்ல. சிர்க்கானாம்."

"அந்த மனுசன் வைரமெண்டுதான் சொன்னவர்." உள்ளங்கை மெல்ல மூடியது. திடீரென்று ஆன்ட்டி சிரித்த சிரிப்பில் கேன்வாஸ் பலூன்போல் உப்பியது. "என்னைவிடப் பெரிய புளுகர்."

மூன்று மணிக்குச் சிமெண்டு கலந்தார்கள். கல் மூக்குத்திக்குத் திரும்பியது.

இப்போது வருகிறவர்களிடமெல்லாம் ஆன்ட்டி சொல்கிறார், "செருப்பைக் கழட்டிப்போட்டு வாங்கோ. என்ர மூக்குத்தியில இருக்கிற அதே கல்லு இந்தத் தளத்துக்குள்ள ஆயிரக்கணக்கில கிடக்கு."

அவர் வாழ்நாளில் கூட்டாமல் குறைக்காமல் சொன்னது அது ஒன்றுதான். அதைத்தான் நர்மதாவைத் தவிர யாரும் நம்புவதில்லை.