சாட்சி சொன்ன சக்கை

கூண்டு மேலே வந்தது.

உள்ளே ஒரு ஸ்ட்ரெச்சர். அதன் மேல் ஒரு கம்பளி. கம்பளிக்கு வெளியே நீட்டிக்கொண்டு... இரண்டு பூட்ஸ் கால்கள்!

அந்த பூட்ஸுக்குக் காலையில் கிரீஸ் தடவிக் கொடுத்தவள் கூட்டத்தில்தான் நின்றிருந்தாள்.

"ஐசக்!"

ஹன்னா ஃபியரனின் அலறலில் ஹாரோகில் நிலக்கரிச் சுரங்கத்தின் வாசல் ஒரு கணம் ஸ்தம்பித்தது.

கீழே, கடலுக்கும் அடியில், வாயு தீப்பிடித்து வெடித்ததில் கூரை சரிந்திருந்தது. ஐசக் அதில் மாட்டிக் கொண்டான். அவனோடு கரி வெட்டும் கூட்டாளி ஜோ மோசப், புருவம் கருகியதோடு தப்பித்து, வெகு நேரம் முன்பே மேலே வந்து விட்டான்.

இப்போது ஜோ ஸ்ட்ரெச்சர் பக்கத்தில் மண்டியிட்டு, கம்பளியைக் கட்டிக் கொண்டு தேம்பினான்.

"என்னைத் தனியா விட்டுட்டுப் போயிட்டியேடா..."

பார்த்தவர்கள் எல்லாரும் கண் கலங்கினார்கள். கலங்காத ஆள் ஒருவன்தான். மேஸ்திரி வில்ஃப்ரெட் பிராக்.

"நகரு ஜோ. பாக்கெட்டைச் சோதிக்கணும்."

"செத்தவன் பாக்கெட்டையா? உனக்கு மனசாட்சி இருக்காய்யா?"

"சட்டம் இருக்கு. அது போதும்."

பிராக் குனிந்தான். ஐசக்கின் உள்கோட்டுப் பைக்குள் கையை விட்டான். எடுத்தான்.

ஒரு பைப்!

மேல்பக்கம் புகையிலை கருகியிருந்தது. அடுத்து கையை விட்டான்.

ஒரு தீப்பெட்டி!

அழுகை நின்றது. ஜோவின் அழுகையைத் தவிர, எல்லாச் சத்தமும் நின்றது.

ஹாரோகில்லில் ஒருத்தன் குடிக்கலாம். குடித்து விட்டுப் பாதிரியாரைத் திட்டலாம். திங்கட்கிழமை எல்லாம் மறந்து போகும். ஆனால் தீக்குச்சியோடு கீழே இறங்கினவனை அந்த ஊர் மன்னித்ததே இல்லை. கீழே ஒரு குச்சி உரசினால், மேலே தெருத் தெருவாகத் தாலி அறுக்க வேண்டியதுதான்.

அதனால்தான் ஆண்கள் கீழே புகைப்பதில்லை. கயிறு மாதிரி முறுக்கித் திரித்த கறுப்புப் புகையிலையைக் கடித்து வாயில் அதக்கிக் கொள்வார்கள். பைப்புகள் சுரங்க வாசலில் உள்ள கல்சுவர்ப் பொந்துகளில் காத்திருக்கும். ஆளுக்கு ஒரு பொந்து. மேலே வந்ததும் சுவர் ஓரமாக நின்று பற்ற வைத்தால்தான் அவர்களுக்கு உயிரே வரும்.

"என் பசங்க ரெண்டு பேரும் கீழதான் இருந்தாங்க!" ஒருத்தி கத்தினாள். "அத்தனை பேரையும் கொல்லப் பார்த்தியாடா பாவி!"

தரையில் காறித் துப்பினாள்.

"அவர் அப்படிச் செய்யற ஆளில்ல!" ஹன்னா கதறினாள். "சத்தியமா இல்ல!"

கேட்பதற்கு முகங்கள் இல்லை. எல்லாம் முதுகுகள்.

*

ட்ரிங்... ட்ரிங்...

போலீஸ் ஸ்டேஷனில் போன் அலறியது. சார்ஜென்ட் ரிக் எடுத்தார். மறுமுனையில் சுரங்க மேனேஜர்.

"கேஸை மூடியாச்சா ரிக்?"

"செத்து ரெண்டு நாள்தான் சார் ஆகுது. சவப்பெட்டியையே இன்னும் மூடல."

"பைப் கிடைச்சுது. தீப்பெட்டி கிடைச்சுது. ஆளும் கிடைச்சாச்சு. இன்னும் என்னய்யா வேணும்?"

"ஆள் பதில் சொல்ல மாட்டேங்கிறானே சார்!"

"விளையாடாதீங்க. நாளைக்கு அடக்கம். சனிக்கிழமை அந்தப் பொம்பளை வீட்டைக் காலி பண்ணணும். அது சுரங்கத்து வீடு."

டொக்!

ரிக் ரிசீவரை வைத்து விட்டுத் தன் புகையிலைப் பையைத் துழாவினார். காலி! வியாழக்கிழமை மதியம். அன்றைக்கு அரை நாள்தான், கடை அடைத்திருப்பான்.

நாக்கு நமநமவென்றது.

மேஜை மேல் ஐசக்கின் பைப் கிடந்தது. மேலேதான் கரி. கீழே முக்கால் குழி நிறையப் புகையிலை!

'சே! அத்தாட்சியைப் புகைக்கிறதா?'

மனசாட்சி கேட்டது.

'மொத்தத்தையுமா எடுக்கப் போறோம்? ஒரு கிள்ளுதானே?'

நாக்கு பதில் சொன்னது.

வழக்கம் போல நாக்குதான் ஜெயித்தது. ரிக் கத்தி முனையால் குழியைக் கிளறினார்.

கிளறிய கை அப்படியே நின்றது.

கத்தியில், பைப்புக்கென்று வட்டமாக நறுக்கிய புகையிலைத் துண்டு எதுவும் வரவில்லை. மென்று, சாறு இறக்கி, காய வைத்த சக்கை வந்தது!

இதில் அதிசயம் ஒன்றும் இல்லை. சுரங்கத்துக்காரன் புகையிலையை ஒரு தடவையோடு விட மாட்டான். கீழே மெல்லுவான். மென்ற சக்கையைத் தொப்பியின் உள்விளிம்பில் செருகி விடுவான். காய்ந்ததும் பைப்பில் அடைத்து ஊதுவான். ரிக்கின் அப்பாவும் அப்படித்தான். ரிக்கும், மனைவி பார்க்காத போது, அப்படித்தான்.

ஆனால்... ஐசக்?

ரிக் கண்ணை மூடி ஐசக்கின் முகத்தை நினைத்துப் பார்த்தார். அவன் சிரிக்கிற முகம் ஞாபகம் வந்தது.

சடாரென்று கண்ணைத் திறந்தார்.

சக்கையைப் பிரித்தார். உள்ளே சின்னதாக, ஆணி மாதிரி தலையோடு ஏதோ ஒன்று. முகர்ந்து பார்த்தார்.

கிராம்பு!

பைப்பை ஊரே பார்த்தது. பைப்புக்குள்ளே ஒருத்தரும் பார்க்கவில்லை. இப்போது பார்த்ததும் கடமை உணர்ச்சியால் அல்ல. ஆனால் அதை ரிக் யாரிடமும் சொல்லப் போவதில்லை.

*

வெள்ளிக்கிழமை காலை. ஹன்னாவின் வீடு.

இரண்டு நாற்காலிகளின் மேல் சவப்பெட்டி. துக்கத்துக்கு வருகிறவர்களுக்காக மேஜையில் ஹாம், ரொட்டி, கேக். ஹாமில் கத்தி படவில்லை. கேக்கில் கை படவில்லை.

தெருவின் எதிர்ப்பக்கம் ஊரே நின்றது. ஒருத்தரும் வாசல்படி ஏறவில்லை.

ஏறியவன் ஒருவன்தான். ஜோ! கறுப்புக் கோட்டு, கறுப்புத் தொப்பியோடு பெட்டியின் மேல் ஒரு கையை வைத்தபடி உட்கார்ந்திருந்தான்.

ரிக் ஹன்னாவை சமையலறைக்கு அழைத்துப் போனார்.

"ஹன்னா, ஐசக் புகையிலை மெல்லுவானா?"

"எதை வெச்சு மெல்லுவார்? வாயில ஒத்தைப் பல் கிடையாது. ஆசையா ஒரு பல் செட் வாங்கிக் கொடுத்தேன். அது அலமாரியில சிரிச்சுக்கிட்டுக் கெடக்கு."

"அப்போ கீழ என்னதான் பண்ணுவான்?"

"பெப்பர்மிண்ட் சப்புவார். புகையிலையை வட்டமா நறுக்கி, இந்த அடுப்பு மேடையில காய வெப்பார். வேலை முடிஞ்சு பொந்துல இருந்து பைப்பை எடுத்தப்புறம்தான் அதைத் தொடுவார்."

"அடுத்தவன் மென்ன சக்கையைப் பைப்புல போட்டு..."

"சார்ஜென்ட்! பொணம் இருக்கிற வீடு. குமட்டுது!"

"கிராம்பு?"

"கிறிஸ்துமஸ் ஹாம்ல குத்துவேன். ஏன் கேக்கறீங்க?"

ரிக் குரலைத் தாழ்த்தினார்.

"ஐசக் பைப்புல இருந்தது யாரோ மென்ன சக்கை. எவனோ அவன் பைப்பைப் பொந்துல இருந்து எடுத்து, நிரப்பி, பத்த வெச்சு அணைச்சு, பொணத்தோட பாக்கெட்டுல வெச்சிருக்கான்."

ஹன்னா சுவரைப் பிடித்துக் கொண்டாள். அவள் கண்களில் தீப்பொறி பறந்தது.

"பிராக்! அந்த மேஸ்திரிதான்! வாயு இருக்கான்னு விளக்கை வெச்சுப் பார்க்க வேண்டியது அவன் வேலை. பார்க்காம விட்டுட்டுப் பழியை என் புருஷன் தலையில போட்டுட்டான்!"

"இருக்கலாம். அவனை வரச் சொல்லியிருக்கேன்."

"வீடு போனாப் போகட்டும் சார்ஜென்ட். ஒண்டிக்கட்டை நான், எங்கேயோ பொழைச்சுக்குவேன்." அவள் குரல் உடைந்தது. "அவரைத் தூக்க ஆறு பேர் வேணும். இந்த ஊர்ல எத்தனை பேரை அவர் தோள்ல தூக்கியிருக்கார்! அவருக்கு ஆறு தோள் இல்லையா?"

 போலீஸ்காரன் அழக் கூடாது என்பதால் ரிக் இருமினார்.

*

பிராக் வாசல்படியிலேயே நின்றான். தொப்பி கையில்.

"உள்ள வாங்க மேஸ்திரி. பைப்பை எடுத்தது நீங்கதானே?"

"ஆமா. நூறு பேர் பார்த்தாங்க."

"எடுத்ததைப் பார்த்தாங்க. வெச்சதை?"

பிராக்கின் முகம் சிவந்தது.

"என்னைச் சந்தேகப்படறீங்களா?"

"அதுக்குத்தானேய்யா சம்பளம் தர்றாங்க! வாயு இருக்கான்னு பார்த்தீங்களா?"

"பார்த்தேன். அப்போ இல்ல."

"கீழ போறவங்களைச் சோதிச்சீங்களா?"

பிராக் கையிலிருந்த தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"கேக்கறேன்ல?"

"அது... அன்னிக்குக் கொஞ்சம் அவசரம். மேலோட்டமா தட்டிப் பார்த்து அனுப்பிட்டேன். பூட்ஸைக் கழட்டச் சொல்லல."

ஜோ துள்ளி எழுந்தான்!

"கேட்டீங்களா? இவன்தான்! என் ஐசக்கைக் கொன்னுட்டு, பொணத்து மேல பழி போட்ட நாய்!"

பாய்ந்து பிராக்கின் காலரைப் பிடித்தான். ரிக் நடுவில் புகுந்து பிரித்தார்.

"ஜோ! உட்காரு.  முதல்ல ஒரு பைப் பத்த வை. அப்புறம் இவரைக் கவனிச்சுக்கலாம்."

ஜோ மூச்சு வாங்க உட்கார்ந்தான். பாக்கெட்டிலிருந்து பைப்பை எடுத்தான். தொப்பியைக் கழற்றி, உள்விளிம்பில் விரலை விட்டு ஒரு கறுப்புச் சக்கையை உருவினான். அடைத்தான். பற்ற வைத்தான்.

புகை குப்பென்று எழுந்தது. கறுப்புப் புகையிலையின் கனமான நெடி அறையை நிறைத்தது. மேஸ்திரி பிராக் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக் கொண்டான். அவன் சர்ச்சில் பிரசங்கம் செய்கிறவன், புகையிலையைத் தொடாதவன்.

ஹன்னாவின் மூக்கு மட்டும் சுருங்கியது.

"என்ன இது... கிறிஸ்துமஸ் ஹாம் வேகற வாசனை?"

ரிக் திரும்பவில்லை. அவர் பார்வை ஜோவின் மேலேயே இருந்தது.

"ஆமா ஜோ. என்ன வாசனை அது?"

"கிராம்பு சார்ஜென்ட். ஒரு மாசமா கடவாப் பல்லு வலி. புகையிலையோட ஒண்ணைச் சேர்த்து அதக்கிக்குவேன்."

ஹன்னாவின் கை வாய்க்குப் போனது.

"பாவம். பைப் புதுசா?"

"ம்... பழசு தொலைஞ்சு போச்சு."

"எங்க?"

"ஞாபகம் இல்ல."

"எனக்குத் தெரியும். கீழ, சரிஞ்ச கல்லுக்கு அடியில."

ஜோவின் வாயிலிருந்து பைப் நழுவியது.

"எ... எடுத்துட்டாங்களா?"



ரிக் மெல்லப் புன்னகைத்தார்.

"இன்னும் இல்ல. அது அங்கதான் கெடக்குன்னு நீ இப்பத்தானே ஒத்துக்கிட்டே? இனிமே எடுத்துடுவோம்!"

ஜோ கதவைப் பார்த்தான். அங்கே பிராக் நின்றான். ஜன்னலைப் பார்த்தான். அங்கே ஊரே நின்றது.

பொலபொலவென்று உடைந்தான். இந்தத் தடவை நிஜமான அழுகை.

"பல்லு வலி உயிர் போச்சு சார்ஜென்ட்! சூடா ஒரு இழுப்பு இழுத்தா அடங்கும்னு... பூட்ஸுக்குள்ள வெச்சுக் கொண்டு போனேன். ஐசக் 'வேணாண்டா ஜோ'ன்னு கத்திக்கிட்டு குச்சியைப் பிடுங்க ஓடி வந்தான். அதுக்குள்ள வெடிச்சு... கூரை அவன் மேலயே இறங்கிடுச்சு!"

"நீ மேல வந்ததும் நேரா சுவத்துல அவன் பொந்துக்குப் போனே. அப்புறம் கம்பளியைக் கட்டிக்கிட்டு அழற சாக்குல பைப்பை அவன் பாக்கெட்டுல நுழைச்சே."

"உண்மை தெரிஞ்சா ஊர் என்னை உயிரோட கொளுத்தியிருக்கும்! அவன்தான் செத்துட்டானே... செத்தவனுக்கு என்ன மானம்னு..."

"பொந்துல பைப் காலியா இருந்துச்சு. காலி பைப் கதைக்கு உதவாது. நிரப்பணும். அவசரத்துல கை எங்க போகும்? தினமும் போற இடத்துக்குத்தான்... தொப்பிக்கு! கூட்டாளிக்குப் பல் இல்லைங்கிறது உனக்குத் தெரியாதா? கைக்குத் தெரியலயே ஜோ!"

ஹன்னா நடந்து வந்தாள். அவள் அடிக்கவில்லை. கத்தவில்லை. ஜோவின் ஒரு கை மறுபடியும் சவப்பெட்டி மேல் இருந்தது.

"கையை எடு."

எடுத்தான்.

பிராக் கதவை அகலத் திறந்தான். பிரசங்கம் செய்து பழகிய குரல் தெருக்கோடி வரை போனது.

"ஐசக் குச்சியைக் கொளுத்தல! கொளுத்தினவனைத் தடுக்கப் போய்ச் செத்தான்! எல்லாருக்கும் கேக்குதா?"

கேட்டது.

பிராக் ஹன்னாவிடம் திரும்பினான். முகத்தை நிமிர்த்த முடியவில்லை.

"அன்னிக்கு நான் ஒழுங்கா சோதிச்சிருந்தா அவன் இருந்திருப்பான். மன்னிப்புக் கேக்க எனக்கு யோக்யதை இல்ல ஹன்னா. தோள் இருக்கு. வேணுமா?"

ஹன்னா சவப்பெட்டியைக் காட்டினாள்.

"முன்பக்கம் நில்லுங்க."

அதற்குப் பிறகு ஆறு பேருக்குப் பஞ்சம் இல்லை. அறுபது பேர் வந்தார்கள்! தோள் மாற்றித் தோள் மாற்றிப் பெட்டி தெருவில் மிதந்து போனது. அன்று காறித் துப்பியவள், ஹன்னாவின் கையைப் பிடித்துக் கொண்டு, தலை குனிந்து கூடவே நடந்தாள்.

கையில் விலங்கோடு வாசலில் நின்ற ஜோ, ஊர்வலம் முனை திரும்பும் வரை பார்த்தான். 

"சார்ஜென்ட்... ஸ்டேஷன் போறதுக்குள்ள ஒரே ஒரு தடவை... பைப் பத்த வெச்சுக்கட்டுமா?"

"தாராளமா!" என்றார் ரிக். "ஆனா கொஞ்சம் பொறு. முதல்ல நான் தெரு முனைக்கு ஓடிப் போய் நின்னுக்கிறேன்... போன தடவை நீ பத்த வெச்சப்போ பக்கத்துல இருந்தவனைத்தான் அதோ தூக்கிட்டுப் போறாங்க!"