வேனின் கடைசி இருக்கை

வேன் அன்று காலையும் கிளம்பவில்லை. சாவியைத் திருகினால் ஒரு முனகல், அவ்வளவுதான். கனடாவின் சஸ்கட்டூன் நகரத்து ஏப்ரல் பனிச்சேற்றை வாசலில் உதறிவிட்டு லீலண்ட் அடுக்களையிலிருந்த மனைவியிடம் வந்தார்.

"டார்லீன்! மறுபடியும் வேன் ரேடியோவை அணைக்காம விட்டுட்டியா? பேட்டரி செத்துப்போச்சு!"

"என் தப்புதான்... மறந்துட்டேன்."

"கொரோனாவுக்காக வெளிய போகவே கூடாதுன்னு சொல்லியிருக்காங்க. உனக்கு மட்டும் வேன்ல என்ன வேலை?"

லீலண்டின் அக்கா வெர்னா காப்பிக் கோப்பையிலிருந்து தலை நிமிரவில்லை. "பூட்ட வேண்டியது வேனை இல்லடா, இவளை!"

குளிர்காலத்தை அமெரிக்காவின் அரிசோனாவில் கழித்துவிட்டு, ஊர் திரும்பியவர்கள் இருக்க வேண்டிய தனிமைக் காலத்துக்கென்று தம்பி வீட்டில் வந்து இறங்கியவள் வெர்னா. அவளோடு சேர்ந்து வீடே தனிமையில். அவளுக்கு டெஸ்ஸாவின் அறை. பதினைந்து வயது டெஸ்ஸாவுக்குக் கூடத்துச் சோபா.

டார்லீன் தட்டுகளைக் கழுவத் திரும்பினாள். யாரிடமும் சொல்வதில்லை என்று மகளுக்கு வாக்குக் கொடுத்திருந்தாள்.

லீலண்ட் காப்பீட்டு நிறுவன மேலாளர். ஊழியர்களின் மனநலத்துக்குத் தாமே பொறுப்பேற்றிருந்தார், யாரும் கேட்கவில்லை. தினமும் மேலே கோட்டும் கீழே பைஜாமாவுமாகக் கணினி முன் அமர்ந்து 'கலங்காத மனம்' பற்றி முழங்குவார்.

"இனிமே சாவி என்கிட்டதான்!"

"வேண்டாம்ப்பா!"

டெஸ்ஸா கதவைப் பிடித்தபடி நின்றாள். முகம் வெளுத்திருந்தது.

"அம்மா இல்ல... நான்தான். இங்க எந்நேரமும் பேச்சு... டிவியில எத்தனை பேர் செத்தாங்கன்னு கணக்கு... நெஞ்சு படபடன்னு அடிச்சுக்குதுப்பா. வேன் கடைசி சீட்ல போர்வையப் போத்திக்கிட்டுப் பாட்டு கேட்டாத்தான் மூச்சே விட முடியுது!"

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா சொற்பொழிவு ஆரம்பிச்சுடுவீங்க!"

டார்லீன் கண்ணைத் துடைத்தாள். "டாக்டர்கிட்ட போன்ல பேசிட்டேன். வெள்ளிக்கிழமை இவகிட்டப் பேசறாங்க. அதுவரைக்கும் குழந்தைக்கு ஒரு மூலை வேணும்... நான் திட்டு வாங்கினா தேஞ்சா போயிடுவேன்?"

லீலண்ட் செருமினார். "இதோ பாரும்மா, மன உறுதிங்கிறது..."

"நிறுத்துடா!" என்றாள் வெர்னா. "தினமும் மீட்டிங்குக்கு முன்னாடி பாத்ரூம் குழாயைத் தொறந்துவிட்டு விசும்பறியே, அது எந்த உறுதி? பக்கத்து ரூம்ல இருக்கிற எனக்குக் கேக்காதா?"

லீலண்ட் பொத்தென்று நாற்காலியில் உட்கார்ந்தார். கலங்காத மனம் கண் வழியே ஒழுகியது.

வெர்னா எழுந்து டார்லீன் கையிலிருந்த தட்டைப் பிடுங்கினாள். "குடு, நான் கழுவறேன். சோபா எனக்குப் போதும், இப்பவே ரூமைக் காலி பண்றேன்... உன்னைப் போய்ப் பேசினேன் பாரு!" டார்லீன் உடைந்து அழ, ஈரக் கையோடு அவளை அணைத்துக்கொண்டாள்.

லீலண்ட் பேட்டரிக்குச் சார்ஜரை மாட்டிவிட்டு வந்து, சாவியை மகளிடம் நீட்டினார்.

"நானும் வரலாமா?"

டெஸ்ஸா யோசித்தாள். "முன் சீட்ல உக்காருங்க. பேசக் கூடாது."

கணினியில் ஊழியர்கள் காத்திருந்தார்கள். லீலண்ட் பைஜாமாவோடு வேனில் ஏறினார். வாயே திறக்கவில்லை! டார்லீன் ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்தாள். சற்று நேரத்தில் டெஸ்ஸா கடைசி இருக்கையிலிருந்து நடு இருக்கைக்கு வந்து, போர்வையின் ஒரு முனையை அப்பாவின் தோளில் போட்டாள்.