கொசுவுக்கு எவ்வளவு காற்று?

வீட்டில் எல்லோரும் அவளைக் கொசு என்றுதான் கூப்பிடுவார்கள். ஒல்லி உடம்பு, ஓயாத வாய், ஓரிடத்தில் நிற்காத கால். பிறகு வேறு என்ன பெயர் வைப்பார்கள்? பத்து வயதாகியும் ஜன்னலைத் திறந்தால் பறந்துவிடுவாள் என்று அம்மா கேலி செய்வார்.

ஆனால் அவளுடைய பள்ளிப் பை அப்படி இல்லை. அதில் பாதி புத்தகம், மீதி கல். ஆமாம், கல்தான்! வழுவழு கல், கோடு போட்ட கல், வெயிலில் மின்னும் கல் என்று வழியில் கண்டதையெல்லாம் பொறுக்கிப் பையின் அடியில் சேர்த்து வைப்பாள். அதைக் கொஞ்சம் இறக்கி வை என்று அம்மா சொன்னால் மட்டும் அவளுக்குக் காது கேட்காது.

கொசுவிடம் ஒரு மலை சைக்கிள் இருந்தது. முதலில் அது அண்ணனுடையது. அவன் நெடுநெடுவென்று வளர்ந்து, முழங்கால் ஹேண்டில்பாரில் இடிக்கத் தொடங்கியதும் பெரிய சைக்கிளுக்கு மாறினான், இது அவளுக்கு வந்து சேர்ந்தது.

எல்லாம் நன்றாகத்தான் இருந்தது, பின்னால் இருந்த ஷாக்கைத் தவிர. சக்கரம் மேட்டில் ஏறும்போது அமுங்கிக் கொடுத்து, பிறகு நிமிர வேண்டியது அதன் வேலை. ஆனால் அது எண்ணெய் கக்கி ஓய்ந்துபோய்விட்டது. அமுங்கினால் நிமிர மனசே வராது.

அண்ணனுக்கு வேறு ஊரில் வேலை கிடைத்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை மாலை அவன் கிளம்ப வேண்டும். அன்று காலை கொசுவைக் குன்றுப் பாதைக்கு அழைத்துப்போவதாக வாக்குக் கொடுத்திருந்தான்.

குன்றின் உச்சியிலிருந்து ஏரிக்கரை வரை இறங்கும் பாதை அது. வேரும் கல்லும் வளைவுமாக இருக்கும். இதுவரை அண்ணன் மேலிருந்து சர்ரென்று வருவான். கொசு கீழே நின்று கைதட்டுவாள். இந்த முறைதான் இருவரும் சேர்ந்து இறங்கப் போகிறார்கள். இதை விட்டால் அடுத்து எப்போதோ!

"இந்த ஷாக்கோட உன்னை மேலே கூட்டிட்டுப் போக மாட்டேன். வா, வேற பார்க்கலாம்" என்று அண்ணன் அவளை சைக்கிள் கடைக்கு அழைத்துப்போனான்.

கடையில் தங்க நிறத்தில் ஒரு ஷாக் பளபளத்தது. கொசு அதன்மேல் கையை வைத்துக்கொண்டு நகரவே இல்லை.

"அழகா இருக்கு, ஆனா நமக்கு ஆகாது" என்றான் அண்ணன். கழற்றிக் கொண்டுவந்த பழைய ஷாக்கை அதன் பக்கத்தில் வைத்துக் காட்டினான். "ரெண்டு பக்கமும் போல்ட் போடுற ஓட்டை இருக்கு பார். ஓட்டைக்கு ஓட்டை நீளம் பழசும் புதுசும் ஒண்ணா இருக்கணும். உள்ளே அமுங்கற தூரமும் ஒண்ணா இருக்கணும். அதிகமா அமுங்கினா டயர் போய் ஃபிரேம்ல இடிக்கும்."

"அப்போ அந்த ஸ்பிரிங் சுத்தினது?"

"நீளம் சரிதான். ஆனா அந்த ஸ்பிரிங்குக்கு நீ ஏறி உட்கார்ந்ததே தெரியாது."

கடைக்காரர் வாய்விட்டுச் சிரித்தார். பிறகு மேல் தட்டிலிருந்து சாதாரணக் கறுப்பு ஷாக் ஒன்றை எடுத்து வைத்தார். அது காற்று ஷாக். ஸ்பிரிங்குக்குப் பதில் உள்ளே காற்று இருக்கும். கனமான ஆளுக்குக் கூடுதலாக அடிக்கலாம், கொசுவுக்குக் குறைவாக அடிக்கலாம்.

அண்ணன் அளந்து பார்த்தான். கச்சிதமாக இருந்தது. உடனே வாங்கிவிட்டான்.

வெளியே வந்தபிறகுதான் கொசுவுக்கு நினைவு வந்தது. "அண்ணா, இது நீ ஊருக்குப் போறதுக்குப் புதுப் பை வாங்க வச்சிருந்த பணம்தானே?"

"பழைய பைக்கு என்ன, நல்லாத்தானே இருக்கு? ஜிப்தான் போச்சு. கயிறு போட்டுக் கட்டிக்கலாம்."

கொசு தேங்க்ஸ் சொல்லத்தான் நினைத்தாள். ஆனால் ஓயாத வாய் அதை மட்டும் விட்டுவிட்டு வேறு எதையெதையோ பேசிக்கொண்டு வந்தது.

மறுநாள் அவள் பள்ளியிலிருந்து திரும்புவதற்குள் அண்ணன் ஷாக்கை மாட்டி வைத்திருந்தான்.

"வந்துட்டியா? ஏறு, ஏறு, சீக்கிரம்!"

கொசு செருப்பைக் கூடக் கழற்றாமல் ஓடிவந்து ஏறினாள். அண்ணன் சைக்கிளைப் பிடித்துக்கொண்டான். ஷாக்கின் தண்டில் ஒரு சின்ன ரப்பர் வளையம் இருந்தது. ஆள் உட்காரும்போது ஷாக் எவ்வளவு அமுங்குகிறதோ அதுவரை வளையம் நகர்ந்து போகும்.

"நீ சும்மா உட்கார்ந்தாலே கால்வாசிக்குக் கொஞ்சம் மேலே அமுங்கணும். மிச்சம் மேடு பள்ளத்துக்கு" என்றான் அண்ணன். அதற்கென்றே உள்ள சின்னப் பம்பால் காற்றடித்து, அவளை இறக்கி, ஏற்றி, மறுபடி காற்றடித்தான். "அட, கொசு வெயிட் போட்டுடுச்சே! இவ்வளவு காத்து கேட்குதே!"

கடைசியில் வளையம் சரியான இடத்தில் நின்றது. அண்ணன் கையைத் துடைத்துக்கொண்டு சைக்கிளைச் சுற்றி வந்து பார்த்தான். அவன் முகத்தில் அப்படி ஒரு திருப்தி.

கொசு உள்ளே ஓடிப் பையை எறிந்துவிட்டு வந்து, வீட்டுக்குப் பின்னால் இருந்த காலி இடத்துக்கு சைக்கிளை ஓட்டிப்போனாள். அங்கே ஒரு மண்மேடு இருந்தது. ஏறினாள், இறங்கினாள்.

டொம்!

சைக்கிள் அவளைத் தூக்கிப் போட்டது. மறுபடி ஓட்டினாள். மறுபடி டொம்! பின்சக்கரம் கழுதை மாதிரி உதைத்தது. மூன்றாவது முறை அவள் ஒரு பக்கம், சைக்கிள் ஒரு பக்கம்.

"எப்படி இருக்கு?" அவள் திரும்பி வந்ததும் வாசலில் நின்றபடி கேட்டான் அண்ணன்.

முழங்கையில் ஒட்டிய மண்ணை மறைத்துக்கொண்டு, "சூப்பர்!" என்றாள் கொசு.

வேறு என்ன சொல்வாள்? அண்ணன் தனக்குப் பை வாங்காமல் வாங்கிக் கொடுத்தது. அது சரியில்லை என்று எந்த வாயால் சொல்வது? ஆனால் இந்தக் கழுதையின் மேல் ஏறிக் குன்றிலிருந்து எப்படி இறங்குவது? ஞாயிற்றுக்கிழமை வயிற்றுவலி என்று சொல்லிவிடலாமா என்று கூட யோசித்தாள். அப்போது ஒரு பொய் இரண்டாகிவிடும்.

மறுநாள் காலை சைக்கிளில் பள்ளிக்குக் கிளம்பினாள். வழியில் சாலை பெயர்ந்து கிடக்கும் இடம் வந்தது. கண்ணை இறுக்கிக்கொண்டு உதைக்குத் தயாரானாள்.

உதையே இல்லை! ஷாக் புஸ்ஸென்று அமுங்கி, அலுங்காமல் நிமிர்ந்தது. மெத்தையில் உட்கார்ந்த மாதிரி இருந்தது.

"நேத்து போக்கிரி, இன்னைக்கு நல்ல பிள்ளையா?" என்று சைக்கிளிடமே கேட்டாள்.

மாலையில் நேராக மண்மேட்டுக்குப் போனாள். ஏறி இறங்கினாள். மெத்தைதான்! சந்தோஷத்தில் பையைக் கழற்றிக் கீழே போட்டுவிட்டு இன்னும் வேகமாக வந்தாள்.

டொம்!

கொசு தரையில் உட்கார்ந்தபடியே சைக்கிளைப் பார்த்தாள். பிறகு பையைப் பார்த்தாள். இரண்டு முறைக்கும் நடுவில் மாறியது ஒன்றே ஒன்றுதான்.

சைக்கிளைச் சுவரோரமாக நிறுத்தி, வளையத்தைக் கீழே தள்ளி வைத்துவிட்டு மெதுவாக ஏறி இறங்கினாள். வளையம் கொஞ்சம்தான் நகர்ந்திருந்தது. பையை மாட்டிக்கொண்டு ஏறினாள். அது டக்கென்று அண்ணன் வைத்த இடத்துக்கே வந்து நின்றது.

நேற்று அண்ணன் காற்றடித்தபோது, பள்ளிவிட்டு வந்த வேகத்தில், முதுகில் பையோடு அல்லவா ஏறி உட்கார்ந்தாள்!

கொசு வீட்டுக்கு ஓடினாள். அண்ணன் பழைய பையைக் கயிற்றால் கட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அண்ணா, நான் ஒரு பொய் சொல்லிட்டேன். ஷாக் சூப்பரா இல்ல. தூக்கித் தூக்கிப் போடுது."

அண்ணனின் முகம் வாடியது. "தப்பா வாங்கிட்டேனா?"

"இல்ல, இல்ல! நீ வாங்கினது சரி. நீ அளந்ததும் சரி. ஆனா என்னை மட்டும் அளக்கல, என் கல்லையும் சேர்த்து அளந்துட்ட!"

அண்ணனுக்கு ஒன்றும் புரியவில்லை. கொசு அவன் கையைப் பிடித்து இழுத்துப்போய் ஏறிக் காட்டினாள், பை இல்லாமல் ஒரு முறை, பையோடு ஒரு முறை. அண்ணன் பையை வாங்கித் தூக்கிப் பார்த்தான். அவன் கண் விரிந்தது. தலையில் அடித்துக்கொண்டு சிரித்தான்.

"பை என் கண்ணுக்கு எதிர்லயே இருந்திருக்கு! கூழாங்கல்லுக்கெல்லாம் காத்தடிச்சிருக்கேனே!"

"நான்தான் அப்பவே சொன்னேனே, அந்தக் கல்லை இறக்கி வைன்னு" என்று உள்ளேயிருந்து அம்மாவின் குரல் வந்தது.

சிரித்து முடித்ததும் அண்ணன் கேட்டான், "ஏன் நேத்தே சொல்லல?"

"நீ பை வாங்காம இதை வாங்கின. சரியில்லன்னு சொன்னா உனக்குக் கஷ்டமா இருக்குமேன்னுதான்."

"மக்கு! சொல்லாம இருந்து நீ குன்றுல விழுந்திருந்தா? அது எனக்குக் கஷ்டம் இல்லையா?" அவள் தலையில் வலிக்காமல் ஒரு குட்டு வைத்தான். பம்பை அவள் கையிலேயே கொடுத்தான். "நீயே சரி பண்ணு. கண்டுபிடிச்சவ நீதானே? நாளன்னைக்கு எதெல்லாம் போட்டுக்கிட்டு ஓட்டுவியோ அதோட உட்காரு."

கொசு ஹெல்மெட்டும் ஷூவும் போட்டுக்கொண்டு வந்தாள். தண்ணீர் பாட்டிலையும் விடவில்லை. பம்பை மாட்டி, அதிலிருந்த பொத்தானை அழுத்தி, புஸ் புஸ்ஸென்று கொஞ்சம் கொஞ்சமாகக் காற்றை விட்டாள். ஏறினாள், வளையத்தைப் பார்த்தாள், மறுபடி விட்டாள். வளையம் சரியான இடத்துக்கு வந்ததும் அண்ணன் ஒரு சின்னச் சிவப்புத் திருகைக் காட்டினான். அமுங்கிய ஷாக் எவ்வளவு வேகமாக நிமிர வேண்டும் என்று அதுதான் முடிவு செய்யும்.

"காத்து குறைஞ்சா இதையும் கொஞ்சம் தளர்த்தணும். இல்லன்னா நிமிரவே சோம்பல் படும்."

கொசு திருகினாள். மண்மேட்டில் ஓட்டிப் பார்த்து இன்னும் ஒரு கிளிக் திருகினாள். பிறகு வெறும் முதுகோடு, முழு வேகத்தில் வந்தாள்.

புஸ்.

"சூப்பர்!" என்று கத்தினாள். இந்த முறை அது பொய் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை இருவரும் உச்சியில் நின்றார்கள். கீழே ஏரி சின்னத் தட்டு போலத் தெரிந்தது. "நீ முன்னாடி போ. நான் பின்னாடி வரேன்" என்றான் அண்ணன்.

வேர் வந்தது, சைக்கிள் அமுங்கிக் கொடுத்தது. கல் வந்தது, அதற்கும் கொடுத்தது. வளைவில் பின்சக்கரம் தரையை விடவே இல்லை. கொசு கத்திக்கொண்டே இறங்கினாள். ஏரிக்கரைக்கு வந்து திரும்பிப் பார்த்தபோது, சமதரைக்கு வந்துவிட்ட அண்ணன் இரண்டு கையையும் விட்டுக் கைதட்டிக்கொண்டே வந்துகொண்டிருந்தான். அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது.

"ரொம்ப தேங்க்ஸ் அண்ணா" என்றாள். கடைவாசலில் சொல்ல நினைத்த வார்த்தை இப்போதுதான் வெளியே வந்தது.

மாலையில் அண்ணன் ஊருக்குக் கிளம்பினான். பம்பை அவளிடமே விட்டுவிட்டான். "நீ வளர வளரக் காத்து கூட்டணும். மறந்துடாதே" என்றான். கயிறு கட்டிய பையைத் தோளில் போட்டவன் லேசாகத் தள்ளாடினான். கொசு வாயைப் பொத்திக்கொண்டாள்.

மறுநாள் அவள் பள்ளிக்குக் கிளம்பும் நேரத்தில் போன் வந்தது.

"கொசு! என் பைக்குள்ள ஒரு கல் இருக்கு! தோளே போச்சு!"

"வெள்ளைக் கோடு போட்டிருக்கா?"

"ஆமா." அண்ணனின் குரல் தணிந்தது. "இருக்கறதுலயே நல்ல கல் இதுதானே? யாரையும் தொடவே விட மாட்டியே?"

"அதான் உனக்குக் கொடுத்தேன்."

"இங்கே ஜன்னலைத் திறந்தா பயங்கரக் காத்து" என்றான் அண்ணன். "மேஜை மேல வச்சுக்கறேன். பேப்பர் எதுவும் பறக்காது."

கொசு போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டுப் பையைத் தூக்கிப் பார்த்தாள். ஒரு கல் போனதில் கொஞ்சம் லேசாகத்தான் இருந்தது. காலியான இடத்துக்கு இன்னொரு கல் தேடிக்கொண்டே, பெயர்ந்த சாலை வழியாக சைக்கிளை உற்சாகமாக மிதித்துக்கொண்டு போனாள்.