பயந்த நாடிக்கு நகராது

"உங்கள் நாடி படபடக்கிறது. யாராவது உங்களை மிரட்டுகிறார்களா?" என்று வண்டி மறுபடியும் கேட்டது.

"அணை உடைஞ்சிருச்சு, சனியனே! ஸ்டார்ட் ஆகித் தொலை!" என்று கத்தினாள் சுகந்தி. கத்தியதில் நாடி இன்னும் எகிறியது. எஞ்சின் அசையவில்லை.

தெரு முழுக்க இதே கதிதான். முன்பெல்லாம் வண்டி ரகசியமாக ஒரு கேள்வி கேட்கும். சாவிக்குள் இருந்த சில்லு சரியான பதில் சொன்னால்தான் எஞ்சினுக்கு எரிபொருளும் தீப்பொறியும் போகும். திருடர்கள் சில்லை நகலெடுத்தார்கள். உடனே ஸ்டியரிங் நடுவில் நாடித்தகடு வந்தது. பதில் உரிமையாளரின் உடம்புக்குள் போனது. திருடர்கள் உரிமையாளரின் கழுத்தில் கத்தி வைத்தார்கள். சரி, பயந்த நாடிக்கு வண்டி நகராது என்று கம்பெனிக்காரர்கள் வைத்தார்கள். எல்லோரும் கைதட்டினோம். ஊரே சேர்ந்து பயப்படும் நாள் வரும் என்று எந்தப் புத்திசாலிக்கும் தோன்றவில்லை.

ஓட முடிந்தவர்கள் மேம்பாலத்தை நோக்கி ஓடினார்கள். குழந்தையைத் தூக்கிக்கொண்டு அவ்வளவு தூரம் ஓட சுகந்தியால் முடியாது. ஐந்து வயது ஆதிரை பின்சீட்டில் பொம்மைக்குத் தலை வாரிக்கொண்டிருந்தாள். வண்டி வாங்கிய அன்று, விற்பனையாளர் தடுத்தும் கேட்காமல், கைராசிக்காரி என்று அவள் கையைத்தான் முதலில் தகட்டில் பதித்திருந்தார்கள்.

"ஆதிகுட்டி, அம்மா மடியில உக்காந்து நீயே வண்டி ஓட்டுறியா? மாமா வீட்டுக்குப் போறோம்."

சின்னக் கை பட்டதும் எஞ்சின் உறுமியது.

எதிர்வீட்டு கமருன்னிசா, மாவுக்கட்டுப் போட்ட காலை இழுத்துக்கொண்டு வந்து கண்ணாடியை அறைந்தாள். "சுகந்தி, கதவத் திற! என்னையும் ஏத்திக்கம்மா!"

திறந்தால் அந்த அலறல் உள்ளே வரும். குழந்தை மிரளும். வண்டி நிற்கும். சுகந்தி பாட்டுச் சத்தத்தைக் கூட்டினாள்.

"கமரு பெரியம்மா ஏம்மா அழறாங்க?"

"அழல செல்லம். டாட்டா சொல்றாங்க."

ஆதிரையும் மறுகையை ஆட்டினாள். சுகந்திக்குத் தன்னை நினைத்தே அருவருப்பாக இருந்தது. ஆனாலும் வண்டியை விரட்டினாள்.

பாலத்தின் உச்சிக்குத் தண்ணீர் எட்டாது. அங்கே நிறுத்தித் திரும்பிப் பார்த்தாள். கமருன்னிசா தெருவில் தன் வண்டியின் கூரைமேல் ஏறி உட்கார்ந்திருந்தாள். தண்ணீர் இன்னும் சக்கரத்தை மூழ்கடிக்கவில்லை. நடந்து போனால் முடியாது. வண்டியில் போனால் கூட்டிவந்துவிடலாம்.

"ஆதிகுட்டி, இன்னொரு தடவ ஓட்டலாமா? பெரியம்மாவையும் கூட்டிட்டு வந்துரலாம்."

வண்டியைத் திருப்பினாள். முன்கண்ணாடியில் இப்போது முழுத் தெருவும், அதை நோக்கி வரும் பழுப்பு வெள்ளமும் தெரிந்தன.

"அம்மா... பெரியம்மா தண்ணிக்கு நடுவுல!" ஆதிரை வீறிட்டாள். தகட்டின் மேலிருந்த சின்னக் கையில் நாடி எகிறியது.

எஞ்சின் நின்றது.

"திருட்டு முயற்சி தடுக்கப்பட்டது," என்றது வண்டி, மிகவும் பணிவாக. "உங்கள் வண்டி பத்திரமாக இருக்கிறது."