பானையில் கட்டிய வூபர்

காலையிலிருந்து கரண்ட் இல்லை. மாதாந்திரப் பராமரிப்பு என்று பாப்பிரெட்டிப்பட்டி முழுக்க நிறுத்தியிருந்தார்கள், சாயங்காலம்தான் வரும். அப்படியிருக்க, அனீஸின் ரேடியோ செட் கடைக்குப் பின்னால் இருந்த அறையில், பானையின் வாயில் பொருத்தியிருந்த வூபர் ஸ்பீக்கரின் கறுப்புக் கோன் மெல்ல வெளியே வந்தது. மெல்ல உள்ளே போனது.

பல்லில் கடித்து உரித்துக்கொண்டிருந்த ஒயரைத் துப்பிவிட்டு அனீஸ் அதையே பார்த்தான். கெபாசிட்டரில் மிச்சம் மீதி சார்ஜ் இருக்கும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டான். அதுவும் நேற்றே இறங்கியிருக்க வேண்டும். "சனியனே, நீயும் ஆரம்பிச்சிட்டியா?" என்று முணுமுணுத்தான்.

எரிச்சல் வராமல் என்ன செய்யும்? மாதக்கணக்காக இந்தப் பேஸ், பாட்டில் கீழே அதிரும் அந்தக் கனத்த சத்தம், அவன் உயிரை வாங்கிக்கொண்டிருந்தது. சொந்தமாகக் கோத்த ஆம்ப்ளிபயர். டிரான்ஸ்பார்மரை மாற்றினான், பில்டர் போர்டு போட்டான், பிளைவுட் பெட்டிக்குள் பஞ்சைத் திணித்தான், பைப் வைத்தான், முட்டை அட்டையை வெட்டி ஒட்டினான். என்ன செய்தும் தகர டப்பாவைத் தட்டுகிற சத்தம்தான் வந்தது. போன திருவிழாவில் அவன் செட்டில் பாட்டுப் போட்டதும், சவுண்டு சர்வீஸ் வைத்திருக்கும் மாதவராஜ் கூட்டத்தின் நடுவில் நின்றுகொண்டு, "பாய், தீப்பெட்டிக்குள்ள ஈயைப் புடிச்சு அடைச்சிட்டீங்களா?" என்று கேட்டான். சனமெல்லாம் சிரித்தது. சாயங்காலம் கரண்ட் வந்ததும் விழாக் கமிட்டிக்காரர்கள் செட்டைக் கேட்டுப் பார்க்க வருகிறார்கள். இந்த முறையும் சொதப்பினால் கடையை மூடிவிட்டு ஓசூருக்குக் கம்பெனி வேலைக்குப் போக வேண்டியதுதான்.

பானைக்குள் ஸ்பீக்கரை வைத்தால் பேஸ் தூக்கும் என்பது இந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்த வித்தை. ஆனால் இத்தனை பெரிய வூபருக்கு எந்தச் சந்தையில் பானை கிடைக்கும்? போன வாரம் சென்னப்பன் தன் நிலத்தில் ஜேசிபி விட்டு மேட்டைக் கரைத்தபோது இடுப்பு உயரத்துக்கு ஒன்று கிளம்பியது. தடித்த மண், அகன்ற வாய். "எடுத்துக்கிட்டுப் போங்க பாய், எனக்கெதுக்கு அது?" என்றார் அவர். உள்ளே இறுகிக் கிடந்த மண்ணையும், வெளுத்துப்போன சில துண்டுகளையும் அனீஸ் வரப்பிலேயே கொட்டினான். ஒரு துண்டில் பல் வரிசை இருந்தது. பார்த்தான். பார்க்காத மாதிரி காலால் தள்ளிவிட்டு, பானையை ஓஸ் பைப்பில் கழுவி ஆட்டோவில் ஏற்றினான்.

நேற்று மாலைதான் பலகை அறுத்து வூபரைப் பொருத்திப் பாட்டுப் போட்டான். அப்பப்பா, என்ன பேஸ்! தரைக்குள்ளிருந்து எழும்பிக் காலில் ஏறியது. எங்காவது காற்று கசிகிறதா என்று பார்க்கப் பானையை இரண்டு கையாலும் கட்டிப்பிடித்து, நெஞ்சை அதில் ஒட்டவைத்து நின்றான். பாட்டு முழுக்க அப்படியே நின்றான். நெஞ்சுக்குள்ளிருந்து எதையோ உருவியதுபோல ஒரு நொடி கண் இருட்டியது. வேர்த்துக் கொட்டியது. சந்தோஷத்தில்தான் என்று நினைத்துக்கொண்டான்.

இப்போது எழுந்து போய், வூபரின் ஒயர்கள் இரண்டையும் பிடுங்கினான். நல்ல வெயில் நேரத்திலும் அறையில் மழைக்கால மண் வாடை அடித்தது.

டும். டும்.

"ஏங்க, என்ன பாட்டு அது? இங்க தட்டெல்லாம் ஆடுது!" சமையலறையிலிருந்து அவன் மனைவி ஜாஸ்மின் கேட்டாள்.

"கரண்டே இல்ல, பாட்டு எங்கேர்ந்து வரும்?"

அவள் கதவோரம் வந்து முந்தானையால் மூக்கை மூடினாள். "எனக்கு இது ஆகவே இல்லைங்க. கபருக்குள்ள இருந்து எடுத்தாந்த மாதிரி பொண வாடை. வூட்டுக்குள்ள வேணாம். நீங்க தூக்கிப் போடலைன்னா நானே ஒடச்சிப் போட்டுருவேன்."

"தொட்டுப் பாரு, தெரியும்! எம்பொழப்பே இதுலதான் இருக்குது!"

அவள் முகம் சுருங்கிப்போய்க் கொல்லைப் பக்கம் போனாள். அவன் கத்திய வேகத்தில் பானைக்குள் சத்தமும் வேகமெடுத்திருந்தது. டும்டும், டும்டும். கோபம் அடங்க அடங்க அதுவும் அடங்கியது.

பெட்டி இறுக்கமாக இருக்கிறதா என்று பார்க்க ஒரு வழி உண்டு. கோனை விரலால் மெல்ல அமுக்கிவிட வேண்டும்; காற்று அடைபட்டிருந்தால் நிதானமாகத் திரும்பி வரும். அனீஸ் நான்கு விரலை வைத்து அமுக்கினான். கோன் உள்ளே போனது. நின்றது. பிறகு மறுபக்கத்திலிருந்து நான்கு விரல்கள், அவன் விரலுக்கு நேராக, நிதானமாக வெளியே தள்ளின.

கையை உதறிக்கொண்டு சுவரோடு ஒட்டினான். பானை தடதடத்தது. பயத்தில் நெஞ்சு அடித்துக்கொள்ளும் என்று கையை வைத்து அழுத்தினான்.

நெஞ்சு அடிக்கவில்லை.

இடம் மாற்றி வைத்தான். மணிக்கட்டைப் பிடித்தான். கழுத்தைப் பிடித்தான்.

எங்கும் இல்லை. பானையில் இருந்தது.

ஜாஸ்மினைக் கூப்பிட வாயைத் திறந்தான். தொண்டையில் காற்றுகூட வரவில்லை. பானை கூப்பிட்டது. "ஜாஸ்மின்..." அவன் குரல்தான். ஆனால் கனமாக, ஆழத்திலிருந்து வந்தது.

கொல்லையிலிருந்து அவள் கடப்பாரையோடு ஓடி வந்தாள். வாயைத் திறந்தபடி சத்தமில்லாமல் நிற்கும் புருசனைப் பார்த்தாள். பானை மறுபடியும் அவள் பெயரைச் சொன்னது.

"யா அல்லாஹ்! எம்புருசன் கொரலையா எடுத்துக்கிட்ட?"

அவளைத் தடுக்கக் காலை எடுத்தான். கால் வரவில்லை. கை வரவில்லை. விரல் நுனியிலிருந்து சில்லென்று ஏறிக்கொண்டிருந்தது.

வேண்டாம் என்று கத்தினான்.

பானை கத்தியது. மாதக்கணக்காக அவன் தேடிய பேஸ் அதுதான். ஜன்னல் கம்பி நடுங்கியது. சுவரிலிருந்து காரை உதிர்ந்தது. இரண்டு தெரு தள்ளிக் கேட்டிருக்கும்.

ஜாஸ்மின் கண்ணை இறுக மூடிக்கொண்டு கடப்பாரையைத் தலைக்கு மேல் தூக்கினாள். கோன் படபடவென்று அடித்துக்கொண்டது.